சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு

மன்னிக்க வேண்டும் சார். ரயிலில் அடுத்தவர் லேப்டாப்பை எட்டிப் பார்ப்பது தப்புதான். பையை மேலே வைக்க எழுந்தபோது கண்ணில் பட்டுவிட்டது. ஒரே ஸ்லைடில் எத்தனை வரி வைத்திருக்கிறீர்கள். நாளைக்குக் கூட்டமா? நினைத்தேன். இத்தனை வரி இருந்தால் அவர்கள் படிப்பார்கள் சார், உங்களைக் கேட்க மாட்டார்கள். படித்து முடித்ததும் போனை எடுத்துவிடுவார்கள். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், ஐந்தாறு வார்த்தை, போதும். மிச்சத்தை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதற்குத்தானே போகிறீர்கள்?

இதைச் சொல்ல இவன் யார் என்று நினைப்பீர்கள். மாசிலாமணி என்று பெயர். அரசுப் பயிற்சி நிலையம் ஒன்றில் முப்பது வருஷம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன். பாடம் என்ன தெரியுமா? கோப்புப் பராமரிப்பு. சிரிக்காதீர்கள். எந்தக் கோப்பை எங்கே வைப்பது, எதை எத்தனை வருஷம் வைத்திருப்பது. அதையும் எனக்கு எப்போதும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவார்கள். சாம்பார், ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற ஆட்களுக்குக் கோப்புப் பராமரிப்பு. மற்ற ஆசிரியர்கள் அந்த மணிநேரத்தைக் கண்டாலே ஓடுவார்கள். என் வகுப்பில் ஒருத்தர்கூடத் தூங்கியதில்லை. இதை நானே சொல்லக் கூடாது, ஆனால் அப்படித்தான் எனக்குப் பேர்.

எப்படி என்றால், கேள்விதான் சார். ஸ்லைடை மாற்றுவதற்கு முன்னால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவேன். ஒரு கேள்வி கேட்பேன். நாலு விடை காட்டுவேன், அ, ஆ, இ, ஈ. சரியாகச் சொன்னவருக்கு ஒரு கடலைமிட்டாய். ஐம்பது வயது கண்காணிப்பாளர் ஒரு கடலைமிட்டாய்க்காக எழுந்து நின்று கத்துவார், பார்த்திருக்கிறேன். யாராவது பக்கத்தில் குசுகுசுவென்று பேசினால் திட்டக் கூடாது. "வாங்க, முன்னால் வந்து எல்லோருக்கும் சொல்லுங்க" என்று கூப்பிட வேண்டும். அப்புறம், விசைப்பலகையில் B என்று ஓர் எழுத்து இருக்கிறது பாருங்கள், ஸ்லைடு ஓடும்போது அதை அழுத்தினால் திரை கறுத்துவிடும். உடனே அத்தனை கண்ணும் உங்கள் மேல் வரும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வித்தை.

நல்ல வித்தை என்கிறேன். அதே வித்தையால்தான் போன ஆனி மாதம் என் மானம் போனது. இன்னும் எங்கள் தெருவில் நிமிர்ந்து நடக்கக் கூச்சமாக இருக்கிறது. காய் வாங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருக்கிறதே, சொல்கிறேன். நீங்கள் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள். மூடிவிட்டீர்களா? சரி.

என் மனைவி சுந்தரவல்லி. வல்லி என்று கூப்பிடுவோம். போன வருஷம் தவறிப் போனாள். தலையில் ரத்தக் கசிவு, ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே முடிந்துவிட்டது. எங்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. கட்டிக்கொடுத்த இடம் வேறு ஊர். செய்தி கேட்டு ஓடி வந்தாள். அம்மாவுக்கு என்ன சேலை உடுத்தலாம் என்று பெண்கள் கேட்டார்கள். நான் பீரோவிலிருந்து ஒரு பச்சைப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தேன். வல்லிக்கு மிகவும் பிடித்தது, எந்த விசேஷத்துக்கும் அதைத்தான் கட்டுவாள். தேன்மொழி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், சத்தமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"இது அம்மாவுக்கு ஆகவே ஆகாதுப்பா. நீங்க வாங்கினீங்கன்னு கட்டிக்கிட்டாங்க. உங்களுக்கு அம்மாவைப் பத்தி என்னதான் தெரியும்?"

சுற்றி எல்லோரும் நிற்கிறார்கள். என் மச்சினன் நிற்கிறான். எதிர்வீட்டுப் பரிமளம் நிற்கிறாள். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா?

அதற்கப்புறம் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. தினம் போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. இரண்டு கேள்வி, இரண்டு பதில், வைத்துவிடுவாள். அம்மா போனதற்கு அவள் என் எதிரில் அழவும் இல்லை. ஒரு வருஷம் இப்படியே போனது. எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் கேட்டாள், அத்தனை பேர் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

முதல் வருஷ நினைவு நாள் வந்தது. வழக்கமாக என்ன செய்வார்கள்? படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். தேன்மொழியும் அதைத்தான் சொன்னாள். நான் விடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வல்லியின் வாழ்க்கையை ஸ்லைடு போட்டுக் காட்டப் போகிறேன் என்றேன். சாப்பிட்டதும் எல்லாரும் கிளம்பிடுவாங்கப்பா என்றாள். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

இரண்டு மாதம் உட்கார்ந்து செய்தேன் சார். படங்களுக்குத்தான் பெரும்பாடு. வீட்டில் ஆல்பம் நிறைய இருக்கிறது, எல்லாம் நான் எடுத்த படம். ஆனால் அவள் எந்தப் படத்திலும் ஓரத்தில்தான் நிற்கிறாள். பாதித் தோள், பாதி முகம். நடுவில் யாராவது பெரிய மனிதர் இருப்பார், நான் அவருக்காக எடுத்திருப்பேன். அவளை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போகிறது. நடுவில் வந்து நில் என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பழைய கேமராவும் அவ்வளவு நல்லதில்லை.

எங்கள் தெருச் சங்கத்துக்கு மாடியில் ஒரு கூடம் உண்டு. வடை பாயசத்தோடு சாப்பாடு. சாப்பிட்ட கையோடு எல்லோரையும் மேலே அழைத்து உட்கார வைத்தேன். ஒருத்தர்கூடக் கிளம்பவில்லை. என் மச்சினன் தண்டபாணி மட்டும் முன்வரிசையில் கண்ணைச் சொருகினான். "தண்டபாணி, உங்க அக்காவுக்கு எந்த வயசுல நீச்சல் வந்துச்சு?" என்று கேட்டேன். தூக்கிவாரிப்போட்டு எழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் என் கைக்கு வந்துவிட்டது. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கல்யாணம். ஒரு ஸ்லைடுக்கு ஐந்தாறு வார்த்தை. நான் திரைக்கு முதுகு காட்டவே இல்லை. தேன்மொழி கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தாள். பேரன் அவள் மடியில் தூங்கிவிட்டான், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சின்னப் பிள்ளை. நான் மற்றவர்களைப் பார்த்துப் பேசினாலும் கண் அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் என் முக்கியமான ஸ்லைடு. அதை வைத்துத்தான் அவளுக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். வல்லிக்கு ஓய்வு நேரத்தில் மிகவும் பிடித்தது எது? அ, சமையல். ஆ, கோலம். இ, பக்திப் பாடல்கள். ஈ, செடி வளர்ப்பு. சரியான விடை சமையல். அதற்குப் பின்னால் அவள் செய்கிற பதார்த்தங்களாகவே ஏழெட்டு ஸ்லைடு வைத்திருந்தேன்.

மூன்றாவது வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். தோள் குலுங்குகிறது. அழுகிறார்கள் என்று நினைத்தேன் சார். தலையைக் குனிந்துகொண்டு சற்று நேரம் நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் அழவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

திட்டக் கூடாது இல்லையா? பரிமளத்தைத்தான் கேட்டேன். என்ன பரிமளம், எல்லோருக்கும் சொல்லலாமே என்றேன். வேண்டாம் சார் என்றாள். சும்மா சொல்லம்மா, தப்பான விடை என்று எதுவுமே கிடையாது என்றேன். வகுப்பில் அப்படித்தான் சொல்வோம்.

"நாலுலயும் இல்ல சார்."

"பின்னே?"

"அக்காவுக்கு ரொம்பப் புடிச்சது உங்க கிளாஸ்தான்."

எனக்கு எப்படி இருந்திருக்கும். நினைத்துப் பாருங்கள். நானே எதிர்பார்க்காத விடை. புதுப் பாடம் எதையும் நான் முதலில் வீட்டில் ஒத்திகை பார்ப்பேன். சாயங்காலம் கூடத்தில் வல்லியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து முழுப் பாடத்தையும் நடத்துவேன். அவளுக்கே புரிந்துவிட்டால் புதுக்கோட்டை எழுத்தர்களுக்கும் புரிந்துவிடும் என்று கணக்கு. எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறாள். பிடித்துத்தானே உட்கார்ந்திருக்கிறாள்? பரிமளத்துக்குக் கடலைமிட்டாயை எடுத்து நீட்டினேன். நீட்டிவிட்டுத் தேன்மொழியைப் பார்த்தேன். கேட்டாயா என்கிற மாதிரி.

மிட்டாயை வாங்கியதும் பரிமளத்துக்கு அடக்க முடியவில்லை. வெடித்துவிட்டாள். அந்த வரிசையே சாய்ந்து சாய்ந்து சிரிக்கிறது. பின்னாலிருந்து தேன்மொழி, "என்ன கிளாஸ் பரிமளம்மா? எனக்குத் தெரியாதே" என்று கேட்டாள். அவளுக்கும் தெரியாது பாருங்கள். அவள் விடுதியில் படித்தவள், அங்கிருந்தே கல்யாணமாகிப் போனவள். "காட்டுங்களேன்" என்றாள்.

முன்னால் வா பரிமளம் என்று கூப்பிட்டது யார் தெரியுமா? நான்தான். நானே அவளை அழைத்து, நான் நின்ற இடத்தை விட்டு ஒதுங்கி, வெளிச்சத்தில் நிற்க வைத்தேன். கேட்கிறவரை முன்னால் அழைத்துப் பேச வைத்தால் கூட்டம் விழித்துக்கொள்ளும். பாடமே அதுதான்.

அவள் வந்தாள். இல்லாத மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். மேசையில் இரண்டு தட்டு. "கோப்பு என்பது என்ன? யாரு சொல்லுவீங்க? யாரு சொல்லுவீங்க? அந்த ஊதாச் சேலை, நீங்க சொல்லுங்க, தூங்காதீங்கம்மா, சாப்பாடு அரசாங்கச் செலவு." கூடம் அதிர்ந்துபோனது சார். தண்டபாணி நாற்காலியிலிருந்து இறங்கி நின்று சிரித்தான்.

நான் பயிற்சி முகாமுக்கு வெளியூர் போகிற நாளில் இது நடக்குமாம். மொட்டைமாடியில் வற்றல் காயப் போட்டுவிட்டு எல்லோரும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காருவார்களாம். வல்லி எழுந்து நின்று என் வகுப்பை நடத்துவாளாம். பாடம் மாற மாற அவளும் மாற்றுவாளாம். கடலைமிட்டாய்க்குப் பதில் பச்சை மிளகாய் கொடுப்பாளாம். ஒருத்தி சொன்னாள், இன்னொருத்தி அதைத் திருத்தினாள், வேறொருத்தி எழுந்து நடித்துக் காட்டினாள். நாற்காலிகளைத் திருப்பி வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். திரைக்கு முதுகு. நான் திரை ஓரம் நின்றேன். வல்லி வாய்விட்டுப் பேசியே நான் கேட்டதில்லை. அவள் அமைதியான சுபாவம் என்று ஒரு ஸ்லைடே வைத்திருந்தேன். நல்லவேளை, அது பின்னால் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பரிமளம் செய்தது சரியில்லை. என் தலை ஒருபோதும் இடப்பக்கம் சாயாது. பேசும்போது இடப்பக்கம் தலை சாய்வது வல்லிக்கு. கேள்வி கேட்டுவிட்டுக் கீழுதட்டைக் கடித்துக்கொள்வதும் வல்லிக்கு. பரிமளம் என் வகுப்பைப் பார்த்ததே இல்லையே, அவள் எப்படிச் சரியாகச் செய்வாள்? வல்லி செய்ததைத்தான் செய்துகொண்டிருந்தாள். அந்தப் பிழையைத் திருத்தலாமென்று வாயெடுத்தேன். அந்தத் தலைச்சாய்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தைத் திருப்பலாமென்று B-யை அழுத்தினேன். திரை கறுத்தது. யாரும் திரும்பவில்லை. மறுபடி அழுத்தினேன், திரை வந்தது. யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் அந்த வித்தை தோற்றது அன்றுதான்.

தேன்மொழி எப்போதோ முன்னால் வந்துவிட்டாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இன்னும் என்று கேட்கிறாள். பரிமளம், "கடைசிக் கேள்வி மட்டும் காட்டிடறேன், அக்கா அதோடதான் முடிப்பாங்க" என்றாள். எல்லாப் பெண்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு மனப்பாடம் போலிருக்கிறது. இரண்டு தட்டு.

"இப்போ என் எதிர்ல உட்கார்ந்திருக்கறது யாரு? அ, மேசை. ஆ, நாற்காலி. இ, மின்விசிறி. ஈ, இதில் எதுவும் இல்லை."

"ஈ" என்று மொத்த வரிசையும் கத்தியது. கத்திவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் சார். எல்லோரும் சிரிக்கும்போது முன்னால் நிற்கிறவன் சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது. அதனால் சிரித்தேன். தேன்மொழிதான் சட்டென்று நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான் பரிமளம் பார்த்தாள், அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுபோய்விட்டது. அத்தனை கண்ணும் என் மேல். நான் மட்டும் கொஞ்ச நேரம் அந்தச் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

அப்புறம் எல்லோரும் வருகிறோம் சார், வருகிறோம் சார் என்று இறங்கிவிட்டார்கள். பரிமளம் கையிலிருந்த மிட்டாயை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எதற்கு என்று கேட்டால், ஸ்லைடு பாதியில் நின்றுபோனதற்குத்தான் என்று அன்றைக்குச் சொல்லியிருப்பேன். நாற்காலி அடுக்கும்போது தேன்மொழியிடம் அதைத்தான் சொன்னேன். இன்னும் பாதி இருக்கிறது, சமையல் பகுதி முழுக்க இருக்கிறது என்றேன். அவள் ஒரு நாற்காலி மேல் இன்னொன்றை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மிச்சத்துல அம்மா பேசறாங்களா?"

"இல்ல. படம்தான்."

அவள் அடுத்த நாற்காலியை எடுத்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது, ஒத்திகை பார்க்கிற அந்தக் கூடம் ஞாபகம் வந்தது. அங்கே மேசை இருக்கும். நாற்காலி இருக்கும். மேலே மின்விசிறி ஓடும். நான் கேள்வி கேட்பேன், விடையையும் நானே சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். ஒத்திகைதானே சார், நேரம் ஆகுமே. பதிலுக்காக அங்கே நின்றால் எப்படி?

ஆனால் ஒன்று. அன்றைக்குத் தேன்மொழி அழுதாள். வீட்டுக்கு வந்து, அடுக்களையில் நின்று, நன்றாக அழுதாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு. நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் போன் வந்தது. சாப்பாடு, மாத்திரை எல்லாம் கேட்டு முடித்தாள். வைப்பாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"அப்பா, அம்மா மாதிரி எனக்கும் வருதுப்பா. வீட்ல பண்ணிப் பார்த்தேன். பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான்."

"அம்மா மாதிரியா?"

"உங்களை மாதிரி. அம்மா பண்ண உங்களை." அப்புறம் சொன்னாள். "இங்க வாங்க ரெண்டு நாள். லேப்டாப் வேண்டாம். நான் பேசறேன், நீங்க உட்காருங்க. அம்மாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்றேன். கேட்பீங்களா?"

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இந்த ரயிலில் ஈரோட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. முன்னால் நிற்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். எதிரில் உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது? பேசுகிறவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்காதா? நடுவில் ஒன்று சொல்ல வேண்டும் போல வருமே, அதை என்ன செய்வது? விழுங்கிவிட வேண்டுமா? ஒரு சாயங்காலம் முழுக்க விழுங்கிக்கொண்டே இருக்க முடியுமா?

கொடுமுடி தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். திருச்சியிலிருந்து நீங்கள் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் சார். உங்களை ஒரு வார்த்தை பேச விடவில்லை நான். எப்படி உட்கார்ந்திருந்தீர்கள், அதை மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்.